கொலு ரயிலுக்கு வீட்டிலேயே ஒரு 'பாயிண்ட்'!

நவராத்திரி வந்துவிட்டால் கொலுப் படிகளுக்குக் கீழே 'பார்க்' கட்டுவது நம் வீடுகளில் ஒரு தனி உற்சாகம். கடுகும் கேழ்வரகும் தூவிப் புல் முளைக்க வைப்போம். முகம் பார்க்கும் கண்ணாடியை மணலில் பதித்துக் குளமாக்குவோம். நடுவில் ஒரு குட்டி ரயிலும் ஓடிவிட்டால் கேட்கவே வேண்டாம், சுண்டலைக்கூட மறந்து பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு? மூன்றாம் நாளே கேள்வி வந்துவிடும். "ஏம்மா, இது எப்பப் பார்த்தாலும் ஒரே வட்டத்தைத்தான் சுத்திக்கிட்டிருக்கு?"

அவர்கள் கேட்பதும் நியாயம்தானே! நிஜ ரயில் வட்டமா சுற்றுகிறது? அது வழி பிரிந்து போகிறது, இன்னொரு ரயிலுக்காக ஒதுங்கி நிற்கிறது. கடலூர் துறைமுகம் ஜங்ஷனிலிருந்து எங்கள் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பாதை ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்தால் ஒன்று ஸ்டேஷனில் பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அப்படி ஒதுங்க வைக்கிற இடத்துக்குத்தான் 'பாயிண்ட்' என்று பெயர்.

கொலு ரயிலுக்கும் ஒரு பாயிண்ட் வைத்துவிட்டால் ரயில் நிற்கும், ஒதுங்கும், வழி மாறும். விளையாட்டே வேறாகிவிடும். கடைகளில் இது ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் நம் கூடத்து மூலைக்கும் படியின் அகலத்துக்கும் ஏற்ற வளைவில் வேண்டுமென்றால் கையால் செய்துகொள்வதே வசதி. எங்கள் வீட்டில் நானும் என் இளைய மகனும் சேர்ந்து செய்தோம். கோலத்தில் புள்ளி பிசகாமல் கோடு இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சகோதரிகளே!

சொப்பு செய்தவர்கள் தொடங்கியது

"ரயில் பொம்மை ஆம்பிளைப் பிள்ளைகள் சமாசாரமாச்சே" என்று நினைக்கிறீர்களா? ஒரு சுவையான செய்தி சொல்கிறேன். பொம்மை ரயிலுக்கு உலகப் புகழ் பெற்ற ஜெர்மானியக் கம்பெனி 'மார்க்லின்'. 1859-ல் கோப்பிங்கன் என்ற ஊரில் அவர்கள் தொழில் தொடங்கியது ரயிலில் அல்ல, பெண் குழந்தைகள் விளையாடும் தகரச் சொப்புச் சாமான்களில்! தொடங்கியவர் 1866-ல் காலமானார். அவர் மனைவி கரோலின் கணவர் இருந்தபோதே ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றவர். அவரே பிள்ளைகள் தலையெடுக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தத் தொழிலைக் கட்டிக் காத்தார். பிறகு 1891-ல் லைப்சிக் சந்தையில் அந்தக் கம்பெனி எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலைக் காட்சிக்கு வைத்தது. ஆக, பொம்மை ரயிலின் கதையிலேயே ஓர் இல்லத்தரசியின் உழைப்பு இருக்கிறது.

நாக்கு, மூக்கு, இறக்கை, காவல்

பாயிண்டின் உறுப்புகளை முதலில் தெரிந்துகொள்வோம். பெயர்களே வேடிக்கையாக இருக்கும். இருபுறமும் அசையாமல் நிற்கும் வெளித் தண்டவாளங்கள் இரண்டு. அவற்றை நிலைத் தண்டவாளம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு உள்ளே, முனை கத்திபோல் சீவப்பட்டு, இடமும் வலமும் நகர்கிற இரண்டு தண்டவாளங்கள் 'நாக்கு'. நாக்கு ஒரு பக்கம் ஒட்டினால் ரயில் நேரே போகும், மறுபக்கம் ஒட்டினால் திரும்பும்.

இரண்டு வழிகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் 'வி' வடிவில் கூராக இருப்பது 'மூக்கு'. மூக்கின் இருபுறமும் விரிந்திருக்கும் துண்டுகள் 'இறக்கை'. மூக்குக்கு நேர் எதிரே, வெளித் தண்டவாளத்தை ஒட்டினாற்போல இருக்கும் சிறு துண்டு 'காவல்'.

காவல் எதற்கு? ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஓர் உதடு உண்டு. அந்த உதடு கடந்து போக மூக்கருகே சிறு சந்து விட்டிருப்பார்கள். அந்தச் சந்தில் ஒரு கணம் சக்கரத்துக்கு வழிகாட்ட யாரும் இல்லை. அப்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தைக் காவல் தண்டவாளம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே இருசில்தானே இருக்கின்றன? ஒன்றைப் பிடித்தால் மற்றது தவறான பக்கம் போகாது. கூட்டத்தில் குழந்தையின் ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறோமே, அது போலத்தான்.

வேண்டிய சாமான்கள்

பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் பொம்மை ரயிலுக்கு இது பொருந்தாது. 'எச்.ஓ.' என்ற அளவில் வரும், தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரம் வாங்கி ஓடும் ரயிலுக்கே இந்த முறை. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். (நம் நாட்டு அகல ரயில் பாதையில் இந்த இடைவெளி 1,676 மி.மீ. விழுப்புரம் – மயிலாடுதுறை மார்க்கம் 2010-ல் அகலப் பாதையாகும் முன் இருந்த மீட்டர் கேஜில் 1,000 மி.மீ.)

மாடல் ரயிலுக்கென்றே நீளமாக விற்கும் 'நிக்கல் சில்வர்' தண்டவாளம், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் செம்பு பூசிய போர்டு, ஒரு முக்கோண அரம், ஒரு பட்டை அரம், சன்னமான உப்புத்தாள், சாமணம், சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, பிசின், வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர். இவற்றோடு சமமான பிளைவுட் பலகை ஒன்று. கடைசி இரண்டு கருவிகளை ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்பவரிடம் இரவல் கேட்டாலும் கிடைக்கும்.

செய்முறை

1. முதலில் படம். நீளமான வெள்ளைத் தாளில் 16.5 மி.மீ. தள்ளி இரண்டு நேர்கோடுகள் போடுங்கள். ரயில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலக்கோட்டில் ஓரிடத்தில் புள்ளி வையுங்கள். அதுதான் மூக்கின் நுனி. அங்கிருந்து கோட்டோடு 6 செ.மீ. போய், வெளிப்பக்கம் 1 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் பிரியும் வழியின் இடத் தண்டவாளம் கிடைத்துவிடும். ஆறுக்கு ஒன்று என்ற இந்தக் கோணம் கொலு ரயிலுக்குப் போதும். (நிஜ ரயிலில் எட்டரைக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று இன்னும் சாய்வாக இருக்கும்.) மூக்கிலிருந்து பின்னால் சுமார் 15 செ.மீ. தள்ளி, இடக்கோட்டில் நாக்கின் நுனி. வளையும் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்து இந்த இரண்டு புள்ளிகளையும் சீரான வளைவாகச் சேருங்கள். அதற்கு இணையாக 16.5 மி.மீ. தள்ளி வலப்பக்கம் இன்னொரு வளைவு. படம் முடிந்தது.

2. தாளைப் பலகையில் ஒட்டி, செம்பு போர்டை 3 மி.மீ. அகலக் குச்சிகளாக வெட்டி, சிலீப்பர் கட்டைகளாக வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் முக்கோண அரத்தால் செம்பை ஒரு கோடு அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தண்டவாளத்து மின்சாரம் மறு தண்டவாளத்துக்குப் பாய்ந்து 'ஷார்ட்' ஆகிவிடும்.

3. இடப்பக்க நிலைத் தண்டவாளத்தை முதலில் பற்ற வையுங்கள். நாக்கு வந்து ஒட்டும் இடத்தில் தண்டவாளத்தின் உள்பக்க அடிப்பாகத்தை அரத்தால் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் நாக்கு படிந்து உட்காரும்.

4. அடுத்து மூக்கு. இரண்டு துண்டுத் தண்டவாளங்களின் முனைகளைச் சாய்வாக அராவி, தாளில் போட்ட கோணத்தின் மேல் வைத்துப் பார்த்துச் சேர்த்துப் பற்ற வையுங்கள். பிறகு நிலைத் தண்டவாளத்திலிருந்து 16.5 மி.மீ. அளந்து அதன் இடத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து வலப்பக்க நிலைத் தண்டவாளம்.

5. மூக்கின் இருபுறமும் இறக்கைகள். இறக்கைக்கும் மூக்குக்கும் நடுவே சுமார் 1¼ மி.மீ. சந்து. காவல் தண்டவாளத்துக்கும் அதே அளவு. சந்து குறைந்தால் சக்கரம் ஏறிக்கொள்ளும், அதிகமானால் சந்திலே விழுந்து குதிக்கும்.

6. இனி நாக்குகள். ஒவ்வொன்றும் சுமார் 6, 7 செ.மீ. நுனி கத்தி முனையாகும்வரை பொறுமையாக அராவ வேண்டும். எங்கள் ஊர் கைத்தறி ஊர். தறியில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் நெசவு வீட்டுப் பெண்களுக்கு உண்டு. அந்தக் கண்தான் இங்கே வேண்டும். அராவி முடித்து நகத்தால் தடவினால், நிலைத் தண்டவாளத்தில் நாக்கு தொடங்கும் இடம் தட்டுப்படவே கூடாது.

7. இரண்டு நாக்குகளின் நுனிகளையும் ஒரு போர்டுக் குச்சியால் இணையுங்கள். இதிலும் நடுவே செம்பை அறுக்க மறக்க வேண்டாம். இந்தக் குச்சியை இழுத்தால் இரண்டு நாக்கும் சேர்ந்து நகரும். ஒன்று ஒட்டியிருக்கும்போது மற்றது 2 மி.மீ. திறந்திருந்தால் போதும்.

8. மூக்குக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தில் மெல்லிய வெட்டு விட்டு, மூக்குக்குத் தனி வயர் கொடுங்கள். நாக்கை நகர்த்தும் குச்சியோடு ஒரு சின்ன ஸ்விட்ச் இணைத்துவிட்டால், ரயில் எந்த வழியில் போகிறதோ அந்த வழிக்கேற்ற மின்சாரம் மூக்குக்கு வரும். இல்லையென்றால் எஞ்சின் மூக்கின் மேல் வந்ததும் உயிரற்று நின்றுவிடும்.

முடிந்ததும் மல்டிமீட்டரை இரண்டு தண்டவாளங்களிலும் வைத்துப் பாருங்கள். 'பீப்' சத்தம் வரக்கூடாது. பிறகு ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் மெல்ல இழுங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே சக்கரமும் சிக்கும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கடைசியாக ஒரே ஒரு பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முன்னே, பின்னே, இரண்டு வழியிலும்.

அம்மாமார்களின் கவனத்துக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நம் சமையலறையில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு. பற்றவைக்கும் கம்பியில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்திருக்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. ஆகவே காரீயம் கலக்காத கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அது உருகச் சற்றுக் கூடுதல் சூடு வேண்டும், அவ்வளவுதான்.

* சாப்பாட்டு மேஜையிலும் சமையல் மேடையிலும் பற்றவைப்பு வேலை வேண்டாம். தனிப் பலகை, அடியில் பழைய செய்தித்தாள்.

* அராவிய பொடியைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள்.

* வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் பலகாரம். நடுவில் ஒரு முறுக்குகூடக் கூடாது.

* கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் காரீயம் கலந்த கம்பியைத் தொடவே வேண்டாம்.

* பற்றவைக்கும்போது எழும் புகை பைன் மரப் பிசின் கருகுவதால் வருவது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்தில் படாமல் செய்யுங்கள்.

* சால்டரிங் அயர்னின் முனை 300 டிகிரிக்கு மேல் சூடேறும். அதைப் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும். படம் போடுவது, அளப்பது, பெட்டி தள்ளிப் பார்ப்பது பிள்ளைகள் வேலை. தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் அப்பக் கூடாது.

* ரயிலுக்கென்று வரும் 12 வோல்ட் அடாப்டரைத் தவிர வேறு எதையும் இணைக்காதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் வெட்டிய துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. கையில் கிடைப்பது நேராக வாய்க்குத்தான் போகும்.

ஒரு முடியளவு

இவ்வளவு பாடுபட்டு ஒரு பொம்மைக்கு நாக்கு அராவ வேண்டுமா என்று பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கேட்டார். வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நிஜ ரயிலில் நாக்குக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. கனத்துக்கு ஒரு சோதனைத் துண்டை வைத்துப் பார்க்கிறார்கள். அது இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளவே கூடாது, சிக்னலும் விழக்கூடாது. அந்த ஐந்து மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்துப் பாருங்கள். நம் கொலு ரயிலில் அது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்! அந்த ஒரு முடியளவுதான் ரயிலை நேரே அனுப்புவதற்கும் கவிழ்ப்பதற்கும் நடுவே நிற்கிறது.

2023 ஜூன் 2-ந் தேதியை நம்மில் யார் மறந்திருப்போம்? சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில், நேரே போகலாம் என்ற பச்சை விளக்கைப் பார்த்து வேகமாக வந்தது. ஆனால் பாயிண்ட் பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதி, இன்னொரு ரயிலும் சிக்கி, 290 பேருக்கு மேல் மாண்டார்கள். சிக்னல் வயர் இணைப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்றது விசாரணை. 2024 அக்டோபர் 11-ல் நம் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையிலும், நேர்வழிக்குச் சிக்னல் இருந்தும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பக்கத்துத் தடத்தில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. தெய்வாதீனமாக அன்று உயிர்ச்சேதம் இல்லை.

பாயிண்ட் ஒன்று சொல்ல, சிக்னல் வேறொன்று சொல்லக் கூடாது. இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதைத்தான் ரயில்வேயில் 'இன்டர்லாக்' என்கிறார்கள். லெவல் கிராசிங் கேட்டுக்கும் அதே பிணைப்பு உண்டு. கேட் மூடினால்தான் சிக்னல் பச்சையாகும். அந்தப் பிணைப்பு இல்லாத கேட்டில், மனிதர் மூடுவதையும் வாய்வழித் தகவலையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 8-ந் தேதி காலையில் எங்கள் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்த கேட், அந்தப் பிணைப்பு இல்லாத கேட்தான். அன்று இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அடுப்பருகே நின்ற தாய்க்குக் கை ஓடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்திச் சொல்ல வேண்டாம். கொலு ரயிலில் ஒரு சின்னப் பச்சை விளக்கை வாங்கி, பாயிண்டை நகர்த்தும் அதே ஸ்விட்சில் இணைத்துக் காட்டுங்கள். நாக்கு நேர்வழிக்கு நகர்ந்தால்தான் பச்சை எரியும். "ஏன்டா கண்ணா, நாக்கு நடுவுல நின்னா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தானே ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்வான். கேட் மூடியிருந்தால் குனிந்து நுழையக் கூடாது, கேட் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் கடக்கக் கூடாது என்பதை அப்புறம் நாம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்காது.

பார்த்து வரலாம்

விடுமுறையில் சென்னை போனால் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் 2002-ல் திறந்த ரயில் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். டெல்லி பயணம் வாய்த்தால் சாணக்கியபுரியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் மியூசியம் இருக்கிறது. புனா பக்கம் போகிறவர்கள் கோத்ரூட் பகுதியில் ஜோஷி என்பவர் தம் ஆயுள் உழைப்பில் உருவாக்கி 1998-ல் திறந்த குட்டி ரயில் மியூசியத்தைப் பார்க்கலாம். ஒரு கூடத்துக்குள் ஒரு நகரமே அமைத்து, சிக்னலும் பாயிண்டும் தாமாக வேலை செய்யப் பல ரயில்களை ஓட விட்டிருக்கிறார்கள். ஒரு பாயிண்ட் கையால் செய்த பிள்ளை அதைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

முதல் பாயிண்டுக்கு நான்கைந்து சாயங்காலங்கள் பிடிக்கும். இரண்டாவதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே படத்தைப் போட்டு வைத்துவிட்டால், கொலு அவசரத்தில் அரமும் கையுமாக நிற்க வேண்டாம். இரண்டு பாயிண்டுகள் இருந்தால் ஒரு ஸ்டேஷன் ஆயிற்று. அந்த ஸ்டேஷனுக்கு உங்கள் ஊர்ப் பெயரையே எழுதி வையுங்கள்!